ஆணியைத் துப்பிட்டுப் பேசுங்க

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். பெருமைக்காகச் சொல்லவில்லை, என்னிடம் பல் பிடுங்கிக்கொண்ட சேலையூர்க்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். மருந்தைப் பாதியில் நிறுத்துகிறவர்களிடம் கோபம். கூகுளில் படித்துவிட்டு வந்து எனக்கே பாடம் எடுக்கிறவர்களிடம் கோபம். வாயைத் திறக்கச் சொன்னால் போனை எடுத்து "ஹலோ" என்கிறவர்களிடம் பெருங்கோபம். ஆனால் இருபத்திரண்டு வருடத் தொழிலில், நான் கத்தினதை நினைத்து நானே கூசிப்போனது ஒரே ஒரு முறைதான். அன்றைக்கு நான் கத்தியது இதுதான்: "பாய், முதல்ல அந்த ஆணியைத் துப்பிட்டுப் பேசுங்க!"

பாட்சா பாய் என் கிளினிக்குக்கு நோயாளியாக வரவில்லை. சோபாவுக்கு ரெக்ஸின் மாற்ற வந்தார். கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற சின்ன கிளினிக் அது. முன்னால் காத்திருப்பவர்களுக்காக இரண்டு தேக்கு சோபா போட்டிருந்தேன். உள்ளே மெஷின் சத்தம் கேட்கிற பிள்ளைகள் பயத்தில் சோபாவின் ஸ்பாஞ்சைப் பிய்த்துப் பிய்த்து, கடைசியில் பெரியவர்களே உட்காரத் தயங்கும் அளவுக்கு ஆகிவிட்டது. என் உதவியாளர் அம்மணி அக்காதான், "அனகாபுத்தூர்ல ஒரு பாய் கீறாரு, குஷன் வேலைன்னா அவருதான்" என்று சொல்லி வரவழைத்தாள்.

ஐம்பத்து நான்கு வயது, ஒல்லியான உடம்பு. எக்ஸெல் வண்டியில் ஸ்பாஞ்சுத் தகடுகளை ஆள் உயரத்துக்குக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். கிளினிக் வேலை கெடக்கூடாது என்று நான் சொன்னதால், ஒரு ஓரமாக உட்கார்ந்து ஒரு சோபா முடிந்த பிறகு இன்னொன்று என்று நான்கு நாள் வேலையாக வைத்துக்கொண்டார்.

அவர் வேலை செய்கிற விதத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஒரு பிடி சின்ன ஆணியை வாயில் போட்டுக்கொள்வார். இடது கை ரெக்ஸினை இழுத்துப் பிடித்திருக்கும், வலது கையில் சுத்தியல். ஆணியை எடுத்துக் கொடுக்க இன்னொரு கை வேண்டுமே, அந்த வேலையை நாக்கு பார்த்துக்கொள்ளும். கன்னத்துக்குள் கிடக்கிற ஆணிகளில் ஒன்றை ஒதுக்கி, தலைப்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, உதட்டு நுனியில் கொண்டுவந்து நிறுத்தும். காந்தச் சுத்தியல் அதை ஒற்றி எடுத்துக்கொள்ளும். டக். அடுத்தது. டக்.

"இப்பதான் பின் அடிக்கிற கன் வந்துடுச்சே பாய்," என்றேன் முதல் நாள்.

"அது பிளைவுட்டுக்கு டாக்டரம்மா. தேக்குல நிக்காது. இதுக்கு ஆணிதான். இது எனக்கு மூணாவது கை," என்று நாக்கைத் தொட்டுக் காட்டினார்.

"முழுங்கிட்டா?"

"முப்பத்தி நாலு வருஷத்துல ஒரே ஒரு தபா முழுங்கினேன். அது பாட்டுக்கு அது வழியில போயிடுச்சு."

அம்மணி அக்கா சிரித்தாள், நானும் சிரித்தேன். ஆணியோடு பேசுகிற மனிதர் கொஞ்சம் குழறித்தான் பேசுவார் என்று எடுத்துக்கொண்டேன். மத்தியானம் அவர் ஓரமாகத் திரும்பி உட்கார்ந்து, குழைய வடித்த தயிர்ச் சோற்றை மெதுவாக, இடது பக்கமாகவே மென்று சாப்பிட்டதையும் பார்த்தேன். "பாயிக்கு குஸ்கா வாங்கியாந்து குடுத்தேன், வேணான்ட்டாரு டாக்டரம்மா, காரம் ஒத்துக்காதாம்" என்று அம்மணி அக்கா ஆச்சரியப்பட்டாள். இதையெல்லாம் ஒரு நோயாளி வந்து சொல்லியிருந்தால் அடுத்த நிமிடம் டார்ச்சை எடுத்திருப்பேன். சோபாக்காரர் ஆயிற்றே. நான்கு நாளும் என் கண்ணில் பட்டது சோபாதான்.

நான்காம் நாள் உள்ளே ஒருவருக்கு மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, அவசரமாக வெளியே வந்தேன். ஓரத்துக்கு வைக்கிற பட்டி கறுப்பா பிரவுனா என்று முடிவு செய்ய வேண்டும். "எது நல்லா இருக்கும் பாய்?" என்றேன். அவர் ஏதோ சொன்னார். புரியவில்லை. திரும்பக் கேட்டேன். திரும்பவும் ஏதோ சொன்னார். உள்ளே ஊசி போட்ட மனிதர் காத்திருக்கிறார், போன் வேறு அடிக்கிறது. அப்போதுதான் கத்தினேன்.

பாட்சா பாய் நிமிர்ந்தார். சுத்தியலைக் கீழே வைத்தார். பிறகு, டீச்சர் முன்னால் நிற்கிற பையன் போல வாயைத் திறந்து காட்டினார்.

"ஆணி இல்ல டாக்டரம்மா. டப்பாவுல கீது."

டப்பா அவர் காலடியில்தான் இருந்தது. மூடியே திறக்கவில்லை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே இருந்தவரை முடித்து அனுப்பிவிட்டு, பாயைக் கையைப் பிடித்து அழைத்துப் போய் நாற்காலியில் உட்கார வைத்தேன். "சோபாவுக்கு வந்தவன நாற்காலில ஒக்கார வெக்கறீங்க" என்று சிரிக்கப் பார்த்தார். நாக்கைப் பஞ்சால் பிடித்து இழுத்து டார்ச் அடித்தேன்.

வலது ஓரத்தில், அடிப்பக்கமாகச் சரிந்து ஒரு புண். பெரிய மொச்சைக்கொட்டை அளவு. நடுவில் பள்ளம், சுற்றிலும் தடித்த கரை. அதற்கு நேராகக் கடைவாய்ப்பல் ஒன்று உடைந்து கூராக நின்றது. கையுறை விரலால் புண்ணின் அடியில் அழுத்திப் பார்த்தேன். சாதாரணப் புண் என்றால் சதை மெத்தென்று கொடுக்கும். இது கொடுக்கவில்லை. அவர் பாஷையில் சொன்னால், ஸ்பாஞ்சுக்குள் கட்டை வைத்துத் தைத்த மாதிரி இருந்தது.

"எவ்வளவு நாளா?"

"ஏழு மாசம் இருக்கும். ஆணி குத்திடுச்சு. அதுக்கப்புறம்தான் ஆணிய இந்தப் பக்கம் மாத்திகினேன்."

அதுவரை வலது கன்னத்தில் வைத்துக்கொண்டிருந்த ஆணியை இடது கன்னத்துக்கு மாற்றியதுதான் அவர் செய்துகொண்ட வைத்தியம். மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த ஜெல், சத்து மாத்திரை, வீட்டில் தேன். குத்தினது ஆணி, ஆணியை எடுத்தாயிற்று, புண் ஆறிவிடும் என்று அவர் கணக்கு. பீடி சிகரெட் கிடையாது, பான்பராக் கிடையாது, வெற்றிலைகூட விசேஷத்துக்குத்தான். அதனால் பயமும் இல்லை.

ஆணி குத்தித்தான் இது வந்ததா, உடைந்த பல் உரசி உரசி வந்ததா, இரண்டும் இல்லாமல் தானாக வந்ததா, எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி சொல்லவும் மாட்டேன். இரண்டு மூன்று வாரத்தில் ஆறாத புண்ணை அறுத்துப் பார்த்துத்தான் தீர வேண்டும், அது மட்டும் தெரியும். மரத்துப்போக ஊசி போட்டு, ஓரத்தில் அரிசி அளவு ஒரு துண்டு எடுத்து, மருந்துத் தண்ணீர்ச் சீசாவில் போட்டேன். அம்மணி அக்கா பெயரெழுதி ஒட்டினாள். முதல் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு இன்னொன்று எழுதியதை நான் பார்த்துவிட்டேன். பாய் பார்க்கவில்லை.

"வூட்ல சொல்லிடாதீங்க," என்றார் போகும்போது. பட்டி அடிக்காத சோபா ஓரமாக அப்படியே கிடந்தது.

ஆறாம் நாள் ரிப்போர்ட் வந்தது. நான் எதைப் பயந்தேனோ அதுவேதான். இந்த வார்த்தையைச் சுற்றி வளைத்துச் சொல்கிற டாக்டர்கள் உண்டு. எனக்கு அது வராது. "புற்றுநோய் பாய். நாக்குல. இன்னும் பரவின மாதிரி தெரியல. ஆபரேஷன் பண்ணினா நல்லா ஆகிறதுக்கு வாய்ப்பு நிறைய இருக்கு," என்றேன்.

"நாக்க எடுத்துருவீங்களா?"

"பாதி எடுக்கணும்."

"எந்தப் பாதி?"

"வலது பாதி. உங்க கையிலிருந்து சதை எடுத்து, அந்த இடத்துல வச்சுத் தைப்போம்."

"அப்ப பேச முடியாது."

"முடியும். இப்ப மாதிரி இருக்காது. பழகணும்."

அவர் எழுந்துகொண்டார். "பத்து வாரம் கழிச்சு வரேன் டாக்டரம்மா. அதுக்கப்புறம் நீங்க முழுசா எடுத்துக்குங்க."

காரணம் அப்போதுதான் தெரிந்தது. அவர் ஒரே மகள் ரூக்சாருக்குப் பத்தாவது வாரத்தில் நிக்காஹ் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை ஜைத், நாவலூரில் ஐ.டி. கம்பெனியில் வேலை. மாப்பிள்ளையின் அண்ணன் வெளிநாட்டிலிருந்து அந்த வாரம்தான் லீவில் வருகிறார். அதனால் தேதியை முன்னால் நகர்த்தவும் முடியாது. நிக்காஹில் பெண்ணின் தகப்பன், கூடியிருக்கிற ஜமாஅத் முன்னால் மாப்பிள்ளையைப் பார்த்து, என் மகளை உங்களுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன் என்று தன் வாயால் சொல்ல வேண்டும்.

"அந்த ஒரு வரிதான் டாக்டரம்மா. அத நான் சொல்லணும். நல்ல நாக்கோட சொல்லணும்."

"இப்பவே அது நல்ல நாக்கு இல்ல பாய்! பத்து வாரம் அது சும்மா இருக்குமா? இன்னிக்குப் பாதி போகும். அன்னிக்கு முழுசும் போகும். அதோட கழுத்துக்கும் இறங்கிடுச்சுன்னா அந்த வரியைச் சொல்ல ஆளே இருக்க மாட்டீங்க."

கத்தினேன்தான். அவர் சலாம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். இனியும் நீங்களாக வீட்டில் சொல்லவில்லை என்றால் நானே அனகாபுத்தூருக்கு வந்து நிற்பேன் என்று போன் பண்ணி மிரட்டினேன். மறுநாள் மனைவி சபீஹாவோடு வந்தார்.

சபீஹா அதட்டிப் பேசுகிற பெண். அன்றைக்கு அதட்டவில்லை. முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "மூணு மாசமா திட்டிகினு கீறேன் டாக்டர். 'வேலைய கடையோட வுட்டுட்டு வர மாட்டீங்களா, வூட்டுக்குள்ளயும் இன்னாத்துக்கு ஆணிய வாயில வெச்சிகினு வர்றீங்க'ன்னு. வாய தொறந்து காட்டுங்கன்னு ஒரு நாளு கூட கேக்கலியே நான்."

நான் கத்தினது மாதிரியேதான். என்னைவிட மூன்று மாதம் முன்னாலேயே அவள் ஆரம்பித்திருக்கிறாள். இரண்டு பேரும் அந்த மனிதரின் கன்னத்தில் இல்லாத ஆணியைத் திட்டியிருக்கிறோம். அவள் அழுதாள். நான் அழவில்லை, ஆனால் அவள் பக்கம் திரும்ப முடியவில்லை.

"உங்க தம்பி சொல்லட்டுமே. நிக்காஹ் ஓதுற ஹஜ்ரத்தே சொல்லலாம், தப்பில்ல," என்றாள் அவரிடம்.

"நான் உசுரோட இருக்கறப்ப இன்னொருத்தன் எதுக்கு சொல்லணும்?"

இப்படியே அரை மணி நேரம். கடைசியில் எனக்குப் பொறுமை போனது. "பாய், நான் சொல்றேன் கேளுங்க. அடுத்த வாரம் ஆபரேஷன். பத்தாவது வாரம் நிக்காஹ்ல அந்த வரியை உங்க வாயாலேயே சொல்வீங்க. நான் பொறுப்பு!"

பாட்சா பாய் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நெசமாவா?"

டாக்டர் அப்படிச் சொல்லக்கூடாது. முதல் வருட மாணவிக்குக்கூடத் தெரியும். ஆபரேஷனில் என்ன இருக்கும், அதன் பிறகு கதிர்வீச்சு தேவைப்படுமா, வைத்துத் தைக்கிற சதை ஒட்டுமா, எதுவும் தெரியாமல் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். நான்கு நாள் கண்ணெதிரே வைத்துக்கொண்டு கவனிக்காமல் விட்ட குற்ற உணர்ச்சிதான் என்னை அப்படிப் பேச வைத்தது. "நெசமா," என்றேன்.

பல் பிடுங்குவது மட்டுமல்ல, வாய்ப் புற்றுநோய் ஆபரேஷனும் என் படிப்புதான். குரோம்பேட்டைப் பக்கம் நான் வாரம் இரண்டு நாள் ஆபரேஷன் செய்கிற ஆஸ்பத்திரியில் அடுத்த வியாழக்கிழமைக்கு ஏற்பாடு ஆனது. பாதி நாக்கையும் கழுத்து நெறிக்கட்டிகளையும் நான் எடுக்க வேண்டும். பாயின் இடது முன்கையிலிருந்து ரத்தக்குழாயோடு சதையை எடுத்து நாக்காக வைத்துத் தைக்க வேண்டியது பிளாஸ்டிக் சர்ஜன் அனிருத். என்னைவிடப் பத்து வயது சின்னவன், கை மட்டும் கைதேர்ந்த நகை ஆசாரியின் கை.

கட்டியை வெட்டும்போது கட்டியை மட்டும் வெட்டக்கூடாது. சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் நல்ல சதையையும் சேர்த்து எடுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத வேர் அந்த ஒரு சென்டிமீட்டரில்தான் ஒளிந்திருக்கும். மயக்கத்தில் இருந்த பாயின் நாக்கை வெளியே இழுத்து, நீல மையால் கட்டியைச் சுற்றிக் கோடு போட்டேன். பின்னால், அடியில், நடுப்பக்கம் எல்லாம் சரியாகப் போட்டேன். நாக்கு நுனிப் பக்கம் வந்தபோது என் கை தானாக உள்ளே வளைந்தது. நுனிதான் பேச்சு. நான்கு மில்லிமீட்டர் விட்டால்கூட அந்த வரி இன்னும் தெளிவாக வரும்.

எதிரே நின்ற அனிருத் கோட்டைப் பார்த்தான். "மேடம், முன்னாடி கம்மியா இருக்கே?"

"நுனியைக் கொஞ்சம் காப்பாத்தலாம்னு பார்க்கறேன்."

"எதுக்கு?"

மருத்துவக் காரணம் ஒன்றும் கிடையாது. நான் கொடுத்த வாக்குதான் காரணம். இவர் உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்காக வாக்குக் கொடுத்தேன், இப்போது அந்த வாக்குக்காக இவர் உயிரில் நான்கு மில்லிமீட்டர் பேரம் பேசிக்கொண்டிருக்கிறேன். எனக்கு என்மேலேயே வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. ஸ்பிரிட் பஞ்சு வாங்கிக் கோட்டை அழித்தேன். ஒரு சென்டிமீட்டர் அளந்து திரும்பப் போட்டேன். அந்தக் கோட்டிலேயே வெட்டினேன்.

அன்று ஒன்பது மணி நேரம் நின்றோம். அனிருத் தைத்து முடித்த புது நாக்கில் ரத்தம் ஓடி இளஞ்சிவப்பு ஏறியது. வெளியே வந்து சபீஹாவிடம் "முடிஞ்சுது, நல்லா இருக்காரு" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தக் கை எந்த மாதிரிக் கோடு போடப் பார்த்தது என்று அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

ஒரு வாரம் கழித்து முழு ரிப்போர்ட் வந்தது. கழுத்து நெறிக்கட்டிகளில் நோய் இல்லை. கதிர்வீச்சு தேவையில்லை. வெட்டின சதை மருந்தில் சுருங்கும் என்பதால் அளவு எப்போதும் குறைந்தே வரும்; முன்பக்கம் மிஞ்சிய நல்ல சதை ஆறு மில்லிமீட்டர் என்று போட்டிருந்தது. ஐந்து இருந்தால் நிம்மதி. நான் முதலில் போட்ட கோட்டில் வெட்டியிருந்தால் இரண்டோ மூன்றோதான். அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு காரிலேயே பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.

பாய்க்குத் தொண்டையில் மூச்சுக் குழாய், மூக்கில் சாப்பாட்டுக் குழாய். பேச முடியாது. சபீஹா ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் பலப்பத்தை எடுத்து நிதானமாக எழுதித் திருப்பிக் காட்டினார்.

'பட்டி பிரவுன்தான் நல்லா இருக்கும்.'

அன்று நான் இரண்டு முறை கேட்டதற்கு அவர் இரண்டு முறையும் சொன்ன பதில் அதுதான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நர்ஸ் முன்னால் சிரித்து வைத்தேன்.

குழாய்களை எடுத்து, கஞ்சி குடிக்கப் பழகி, நான்காவது வாரத்தில் பேச ஆரம்பித்தார். பேச்சுப் பயிற்சிக்கு வாரம் மூன்று நாள். ப, ம, க எல்லாம் வந்துவிட்டன. ல கொஞ்சம் அடம் பிடித்தது. ர எழுந்திருக்கவே இல்லை. "இது கையா இருந்ததாச்சே டாக்டரம்மா, வேலை செய்யும், பேசிப் பழக்கமில்ல," என்பார். ஒரு நாள் கண்ணாடியில் பார்த்துவிட்டு, நாக்கில் முடி முளைக்கிறது என்று அலறி அடித்துக்கொண்டு வந்தார். முன்கைத் தோல், முடி முளைக்கத்தான் செய்யும் என்றேன். "அப்ப வெள்ளிக்கிழமையானா இதுக்கும் ஷேவிங்கா?" என்றார். அம்மணி அக்கா வெளியே ஓடிப்போய்ச் சிரித்துவிட்டு வந்தாள்.

எட்டாவது வாரம் என் கிளினிக்கில் அந்த வரியைச் சொல்லச் சொன்னேன். ரூக்சாரும் கூட வந்திருந்தாள். இருபத்து நான்கு வயது, பள்ளிக்கூட டீச்சர், அம்மா போலவே நிமிர்ந்த பார்வை. பாய் மெதுவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். குழறல்தான், ஆனால் புரிந்தது. ஒரு வார்த்தையை மட்டும் விட்டுவிட்டார். மகளின் பெயரை. "என் மகளை" என்றார், அப்படியே அடுத்த வார்த்தைக்குத் தாண்டினார்.

ரூக்சார் வெளியே போன பிறகு கேட்டேன்.

"அந்தப் பேர்ல மொதல்லயும் ர, கடைசிலயும் ர," என்றார். "ஆசப்பட்டு நான் வெச்ச பேரு. நான் தப்பா சொல்லி அவ கேக்கறதவிட, கேக்காமலே இருக்கட்டும். ஆபரேஷன்லேந்து 'பாப்பா'ன்னுதான் கூப்புடறேன். அவளும் ஒண்ணும் கேக்கல."

"நிக்காஹ்ல பேர் சொல்லாம முடியாதே பாய்."

"அதான் தம்பிய சொல்லச் சொல்லிடலாம்னு பாக்கறேன்."

எனக்கு உச்சிக்கு ஏறியது. இதற்காகவா என்று கத்த வாயைத் திறந்துவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். அவரிடம் கத்த எனக்கு என்ன உரிமை இருக்கிறது? "உங்க இஷ்டம் பாய்," என்று மட்டும் சொன்னேன். வாழ்க்கையில் நான் அடக்கிய முதல் கோபம் அதுதான்.

பம்மலில் ஒரு மஹால். பத்தாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை காலை. நானும் அம்மணி அக்காவும் போயிருந்தோம். கீழே ஆண்கள், மேலே பெண்கள். நிக்காஹ் நடப்பது கீழே. மேலே இருக்கிற எங்களுக்குச் சுவரில் மாட்டிய ஸ்பீக்கர் பெட்டிதான். என்னை ரூக்சார் பக்கத்தில் உட்கார வைத்தாள் சபீஹா. பாய் சொல்லப் போகிறாரா, அவர் தம்பி சொல்லப் போகிறாரா என்று சபீஹாவுக்கே தெரியவில்லை. "காலைலேந்து வாயே தொறக்கல டாக்டர்" என்றாள்.

இருபத்திரண்டு வருடமாக வாயைப் பார்த்துத்தான் எனக்குப் பழக்கம். அன்றைக்குப் பார்க்க ஒன்றுமில்லை, ஒரு பெட்டிதான். நிக்காஹ் நடத்தி வைத்தவர் மாப்பிள்ளை வீட்டார் அழைத்துவந்த நாவலூர்ப் பக்கத்து ஹஜ்ரத். துஆ ஓதினார். பிறகு, "பெண்ணோட தகப்பனார் மைக்க வாங்கிக்குங்க," என்றார்.

கரகரவென்று மைக் கைமாறுகிற சத்தம். இருமல். பிறகு பாட்சா பாயின் குரல். முதல் வார்த்தையே தடுக்கியது. திரும்ப ஆரம்பித்தது, குழறியது, நின்றது.

ஹஜ்ரத்தின் குரல் வந்தது, சாதாரணமாக, அன்பாகவே: "பாய், வாயில வெத்தலை இருக்கு போல. துப்பிட்டு நிதானமா சொல்லுங்க."

சபீஹாவின் விரல்கள் என் மணிக்கட்டில் இறங்கின. அவள் என்னைப் பார்க்கவில்லை, நான் அவளைப் பார்க்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் சொன்ன அதே வார்த்தை, இப்போது மைக்கில், ஊருக்கே கேட்கும்படி. எழுந்து கீழே ஓடிப்போய் அந்த ஹஜ்ரத்தின் வாயை மூட வேண்டும் போல இருந்தது.

பெட்டியில் மெல்ல ஒரு சிரிப்புக் கேட்டது. பாட்சா பாயின் சிரிப்பு.

"வாயில ஒண்ணும் இல்ல ஹஜ்ரத்து. இது என் நாக்குதான். புதுசு. நான் சொல்றேன்."

சொன்னார். ஒவ்வொரு வார்த்தையாக, ஒரு ஆணி அடித்து, அது நின்றதா என்று பார்த்து, அடுத்ததை எடுக்கிற நிதானத்தில் சொன்னார். "என் மகள்" என்றார். நிறுத்தினார். என் பக்கத்தில் ரூக்சார் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த இடைவெளி நீண்டுகொண்டே போனது.

"ரூக்சாரை," என்றார்.

முதல் ர முழுசாக இல்லை. கடைசி ர பாதிதான். ஆனால் அந்தப் பெயரைத் தவிர வேறு எந்தப் பெயராகவும் அது இருக்க முடியாது. மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கிற மஹர் தொகையைச் சொன்னார், நிக்காஹ் செய்து கொடுத்தேன் என்றார். "ஒப்புக்கொண்டேன்" என்று ஜைத்தின் குரல் உடனே வந்தது, ஓடி வந்து கையைப் பிடித்துக்கொள்வது போல. ரூக்சார் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, "அத்தா என் பேரச் சொல்லிட்டாரும்மா" என்று சபீஹாவின் தோளில் சாய்ந்து அழுதாள்.

சாப்பாட்டுப் பந்தியில் பாட்சா பாய் எங்களைத் தேடி வந்தார். என் முகத்தில் ஏதோ இருந்திருக்க வேண்டும். "ஹஜ்ரத்து மேல கோவப்படாதீங்க டாக்டரம்மா. அப்புறமா வந்து மன்னிப்புலாம் கேட்டுட்டாரு, பாவம். நாலு நாளு வாயப் பாத்துகினு இருந்த நீங்களே ஏமாந்தீங்க, அவருக்கு இன்னா தெரியும்?"

இத்தனை வாரத்தில் நான் கத்தினதைப் பற்றி அவர் பேசியது அதுதான் முதல் தடவை. நானும் பேசியதில்லை. சொல்ல வேண்டும் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் ரிப்போர்ட், மருந்து, பயிற்சி என்று வேறு எதையாவது சொல்லிச் சமாளித்துவிடுவேன்.

"மன்னிச்சிடுங்க பாய்," என்றேன். பாதி வார்த்தைதான் வெளியே வந்தது.

அவர் காதைக் கொண்டுவந்து குனிந்தார். கண்ணில் குறும்பு இருந்தது. "இன்னாது? ஒண்ணும் வெளங்கல டாக்டரம்மா. வாயில கீற பிரியாணிய முழுங்கிட்டு சொல்லுங்க."

என் இலையில் பிரியாணி அப்படியே இருந்தது. நான் இன்னும் சாப்பிடவே ஆரம்பிக்கவில்லை.